ஸ்டெல்லா அக்காவின் குகை மனு

நாற்றங்காலுக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா அக்காவின் தம்பி போன் செய்தார். “அக்கா காலையில தவறிட்டாங்க” என்றார். மடையைத் திறந்துபோட்டபடியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். நாற்றங்கால் மூழ்கிக்கொண்டிருந்தது அப்புறம்தான் கண்ணில் பட்டது.

ஞாயிறுதோறும் குகை பார்க்கப் போகும் நம் கூட்டத்தில் அவரைத் தெரியாதவர் யார்? திருவையாற்றில் சர்ச்சில் காலைப் பூசையை முடித்துக்கொண்டு பஸ் ஏறி, நமக்கு முன்னால் புதுக்கோட்டைப் பக்கத்து மலையடிவாரத்தில் நிற்பார். நில அளவைத் துறையில் ஓய்வுபெற்றவர் அல்லவா, புல எண் பார்க்காமல் எந்தப் பொந்துக்குள்ளும் நம்மைத் தலைநீட்ட விடமாட்டார். “பட்டா நிலம்னா சொந்தக்காரரைக் கேட்டாப் போதும். புறம்போக்குன்னா ஊரையே கேக்கணும்” என்பார். உள்ளே ஒரு பருக்கை எலுமிச்சைச் சாதம் சிந்தினாலும் திட்டுதான்.

இவ்வளவு தெரிந்தும் நான் செய்த காரியம் உங்களில் சிலருக்கே தெரியும். ஒரு கோடையில், பெரிய குகைக்குள் வௌவால் எச்சம் முழங்கால் உயரத்துக்குக் கிடந்ததைப் பார்த்ததும் என் குடியானவப் புத்தி விழித்துக்கொண்டது. குறுவைக்கு அருமையான எரு. யாரிடமும் சொல்லாமல் நான்கு ஆட்களோடும் சாக்குகளோடும் போய் அள்ளினேன். அது வௌவால்கள் குட்டி போட்டிருந்த சமயம். லைட் வெளிச்சத்தில் தாய்கள் கலைந்து பறக்க, குட்டிகள் பொத்துப் பொத்தென்று தரையில் விழுந்தன. சாக்குகளை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தேன். மாலையே அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

புல எண்கள் குறித்த நோட்டை எடுத்துப் புரட்டினார். பிறகு, “ஜமாபந்திக்கு வாங்க தம்பி. மனு நான் எழுதுறேன். முதல் கையெழுத்து நீங்க போடுங்க” என்றார்.

தாலுகா அலுவலகத்தில் ஆண்டுதோறும் நில ஆவணங்களைச் சரிபார்க்கும் அந்த நாளில், குகையின் புல எண்ணுக்கு எதிரே ‘வௌவால் குகை, எவரும் கலைக்கலாகாது’ என்று பதியச் சொல்வதே மனு. அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. “இவர் யாருங்க?”

“அங்க எரு அள்ளினவரு சார். என்ன ஆச்சுன்னு இவருக்குத்தான் தெரியும்.”

கூனிக்குறுகிப் போனேன். வெளியே வந்து டீ வாங்கித் தந்த அக்கா, “வெக்கப்பட்டது போதும். பேசக் கத்துக்குங்க” என்றார். நான் கற்றுக்கொள்ளவில்லை. அடுத்தடுத்த ஜமாபந்திகளிலும் அவர் பேசினார், நான் பக்கத்தில் நின்றேன். வௌவால்கள் திரும்பி வந்துவிட்டன. அந்த ஒரு வரி மட்டும் பதிவேட்டில் இன்னும் ஏறவில்லை.

அடக்கத்தன்று அவர் தம்பி என்னிடம் ஒரு கவரைக் கொடுத்தார். வரும் ஜமாபந்திக்கான மனு. அடியில் தன் கையெழுத்தைப் போட்டு, அதற்கு மேலே எனக்கு இடம் விட்டிருந்தார் அக்கா. மற்றவர்கள் முன்னால் அழக் கூடாதென்று இருந்தேன், முடியவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் தாள்தான். இந்த முறை நான் பேச வேண்டும். “ஐயா, அங்கே எரு அள்ளியவன் நான்” என்றுதான் ஆரம்பிக்கப்போகிறேன்.