ராஜினாமாவுக்கு முன் ஒரு கேள்வி

இன்று ராஜினாமா செய்துவிடுவது என்று முடிவு. ஒன்பது வருடம் போதும்.

ஆனால் ஆபீஸ் போர்ட்டல் என்னை உள்ளே விடவில்லை. பாஸ்வேர்டு காலாவதியாம். புதிது வேண்டுமென்றால், வேலையில் சேர்ந்த அன்று ஒரு கேள்விக்கு நான் கொடுத்த பதிலை அப்படியே மறுபடி சொல்ல வேண்டும்.

"சிறுவயதில் என்னவாக ஆசைப்பட்டீர்கள்?"

இதிலென்ன கஷ்டம்! கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் ரயிலின் கடைசிப் பெட்டியில் நின்று பச்சைக் கொடி காட்டுகிற கார்டு ஆக வேண்டும் என்பதுதான் என் ஆசை. அடித்தேன். தவறு.

சொந்தக்காரர்கள் கேட்டால் 'டீச்சர்' என்று சொல்லி வைத்திருந்தேன். அதையும் அடித்தேன். அதுவும் தவறு. இனி ஒரே ஒரு வாய்ப்புதான்.

ஹெல்ப் டெஸ்க்குக்குப் போன் போட்டேன். எடுத்தவர் சேவியர், ஆஸ்டின் டவுன் தமிழர்.

"மேடம், உங்க போஸ்ட் பேரையே போட்டுப் பாருங்க. ஜாயின் பண்ற அன்னிக்கு எச்.ஆர். பாப்பாங்கன்னு பயந்து எல்லாரும் அதத்தான் போடுவாங்க."

"நீங்க என்ன போட்டீங்க?"

குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"ஹெல்ப் டெஸ்க் எக்ஸிக்யூட்டிவ்."

'சாஃப்ட்வேர் டெஸ்டர்' என்று அடித்தேன். உடனே திறந்துகொண்டது.

ராஜினாமா படிவத்தில் ஒரே ஒரு கட்டாயக் கேள்வி: "விலகுவதற்கான காரணம்?"

மத்தியானத்திலிருந்து அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது. இந்த வேலைதான் என் சின்ன வயதுக் கனவு என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டு, இப்போது என்ன காரணத்தைச் சொல்வது?

நல்லதாக ஏதாவது தோன்றினால் கீழே எழுதுங்கள். சேவியருக்கும் ஒன்று வேண்டுமாம்.