மூன்றாம் தடவையில் எழுந்த வண்டி

அன்றைக்குச் சேலத்து பைக் ஷோரூமில் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: "அக்கா, வண்டி கனமில்லீங்க. உங்களுக்குத்தான் தெம்பு குறைஞ்சிருக்குது."

சென்ற மாதம் ஒரு காலையில் ரோஸ்லின் அக்காவின் மகள் மருத்துவமனையிலிருந்து அழைத்து, அம்மா போய்விட்டார் என்றாள். அப்போது என் கையில் யாரோ ஒருவருடைய ரத்த மாதிரி இருந்தது. அதைப் பார்த்து முடித்துவிட்டு வெளியே வந்து நின்றேன். ஒன்றரை வருடத்துக்கு முன் சொல்லாத அந்த வாக்கியம்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவர் நர்ஸம்மா. துறையூர்ப் பக்கத்திலிருந்து கிராம சுகாதாரச் செவிலியராகக் கொல்லிமலைக்கு வந்தவர். கீழே போக மாறுதல் கிடைத்தபோதெல்லாம் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தவர். நான் அதே சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்பவள். ஊரார் எல்லாருடைய ரத்தமும் என்னிடம் வந்திருக்கிறது, அவருடையதைத் தவிர. கேட்டால், "ஊசி குத்தறவ நானு. எனக்கு நீ குத்துவியா கண்ணு?" என்று சிரித்து நகர்ந்துவிடுவார்.

புது வண்டிப் பேச்சு ஒரு மழைக்காலத்தில் தொடங்கியது. குண்டனி நாட்டு மலையூர்களுக்குப் போகும் வழியில் ஒரு மண் சரிவில் அவருடைய பழைய பைக் சாய்ந்துவிட்டது. அடி ஒன்றும் இல்லை. ஆனால் தனியாக அதை நிமிர்த்த முடியவில்லை. மரவள்ளி ஏற்ற வந்த லாரிக்காரர்கள் தூக்கிவிடும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதற்குள் தடுப்பூசிப் பெட்டியிலிருந்த ஐஸ் உருகி, மருந்து வீணாகிவிட்டது. கைக்குழந்தைகளோடு காத்திருந்த பெண்கள் திரும்பிப் போனார்கள். அன்று மாலை அவர் சொன்னார்: "வண்டி விழுகறது தப்பில்ல கண்ணு. தூக்க முடியாத வண்டிய வச்சிருக்கறதுதான் தப்பு."

ஷோரூமுக்கு என்னையும் அழைத்துப் போனார். விற்பனைப் பையன் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு ஸ்கூட்டர்கள் இருக்கும் பக்கம் கையைக் காட்டினான். அக்கா கோபப்படவில்லை. "ஸ்கூட்டர ஒரு தடவ நீங்களே குண்டனி நாட்டுக்கு ஓட்டிட்டு வாங்க தம்பி. டீ வாங்கித் தாரேன்" என்றார்.

மைலேஜ், விலை, நிறம் எதையும் அவர் விசாரிக்கவில்லை. வண்டியைத் தரையில் படுக்க வைக்கச் சொன்னார். பையன் மேனேஜரைக் கூப்பிட்டான். மேனேஜர் யோசித்துவிட்டு ஒரு பழைய மெத்தையைக் கொண்டுவரச் சொன்னார். முதல் வண்டி முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. இரண்டாவது பாதியில் நின்றது. மூன்றாவது சீனாவில் செய்தது. ஒல்லியான உடம்பு, உயர்ந்த மட்கார்டு, தார் ரோட்டுக்கும் மண் பாதைக்கும் பொருந்தும் கட்டை கட்டையான டயர். மற்ற இரண்டையும்விட எடை மிகக் குறைவு. அக்கா அதற்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் சீட்டின் அடியையும் பிடித்து, காலால் உந்தினார். இரண்டு தடவை முடியவில்லை. மூன்றாம் தடவை வண்டி எழுந்தது.

"இதுதான். இது எம் பேச்சக் கேக்குது."

பையன் கைதட்டினான். அக்கா வண்டியில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். அந்த வெள்ளை விளக்கில் அவருடைய ஈறு காகிதம்போல வெளுத்திருந்தது. கீழிமையும் அப்படித்தான். கர்ப்பிணிகளின் இமையைத் தாழ்த்திப் பார்த்து இரும்புச் சத்து மாத்திரையை எண்ணிக் கொடுப்பவர் அவர். தன்னுடையதை எந்தக் கண்ணாடியில் பார்த்திருப்பார்? நான் சொன்னால் பரிசோதனை. பரிசோதனை என்றால் விடுப்பு. அப்புறம் கீழே ஏதாவது ஆபீஸில் மேசை வேலை. மேசைக்குப் பின்னால் தன்னை உட்கார வைத்தால் இரண்டு மாதம்கூடத் தாங்கமாட்டேன் என்று பலமுறை சொல்லியிருந்தார். அதனால் நான் வேறு ஒன்றைக் கேட்டேன். சீன வண்டிக்கு உதிரி பாகம் கிடைக்குமா என்று.

அந்த வண்டியில் ஏழு மாதம் சுற்றினார். வாழவந்தி நாட்டு டீக்கடையில் ஒருவர், "நர்ஸம்மா, இது ஒரு நா சைனாவுக்கே திரும்பிப் போயிருமாட்ட இருக்குதுங்க" என்றார்.

"போனா உன்னையும் பின்னாடி உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போறேன் சாமி. அங்க வந்தாவது பி.பி. மாத்திரைய ஒழுங்கா முழுங்கு."

கடையே சிரித்தது. ஒரு தடுப்பூசி நாள்கூட அவர் தவறவில்லை.

பிறகு ஒரு முகாம் நாளில் நான் அவர் பின்னால் உட்கார்ந்து போனேன். மிளகுத் தோட்டத்து ஏற்றத்தில், நடக்கும் வேகத்தில், வண்டி மெல்லச் சாய்ந்தது. நான் கை கொடுக்கப் போனேன். வேண்டாமென்று தடுத்தார். நான்கு தடவை முயன்றார். அப்புறம் ஈர மண்ணில் உட்கார்ந்து, என் பக்கமாக மோதிர விரலை நீட்டினார்.

"இதுக்கு மேல வண்டியில எடை கொறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல கண்ணு. ரத்தம் எடுத்துப் பாத்துரு."

அப்போது தெரிந்தது, ஷோரூமிலேயே அவருக்கும் தெரியும் என்று.

ரத்தம் ஊறுகிற எலும்பு மஜ்ஜையிலேயே நோய் என்றார்கள். அந்த ஏழு மாதம் முன்னால் வந்திருந்தால் மாறியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்வதற்கில்லை என்றார். எந்தப் பக்கமும் சாயாத அந்தப் பதிலோடுதான் இருக்கிறேன். அதன் பிறகு, என் கண்ணில் பட்டதை நான் யாரிடமும் சொல்லாமல் விடுவதில்லை. அக்காவிடமிருந்து என்னோடு தங்கியிருப்பது அது ஒன்றுதான். அவர் தந்தது என்று சொல்ல முடியாது. அவரிடம் செய்யத் தவறியதிலிருந்து எடுத்துக்கொண்டது.

தன் இடத்துக்கு வருகிறவருக்கே வண்டியைக் கொடுக்கச் சொல்லியிருந்தாராம். மகள் சாவியைக் கொண்டுவந்து தந்தாள். போன வாரம் புதுச் செவிலியர் வந்தார். ஓட்டும் முன் வண்டியைத் தூக்கிப் பார்க்கும் அக்காவின் முறையைச் சொன்னேன். சுகாதார நிலையத்து வாசலில் வண்டியைப் படுக்கவைத்தோம். அந்தப் பெண் ஒரே மூச்சில் நிமிர்த்திவிட்டு, "இவ்வளவுதானுங்களா?" என்றார்.

ஹெல்மெட் போடுவதற்கு முன் அவருடைய கீழிமையைத் தாழ்த்திப் பார்த்தேன். நல்ல சிவப்பாக இருந்தது. அதைச் சொன்னேன். அவர் தடுப்பூசிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு குண்டனி நாட்டுக்குக் கிளம்பினார்.