சியோகாவுக்கு வந்த சந்தேகம்

கம்பா ஜனங்களின் ஊரான வாமுன்யுவில் மரச்சிற்பம் செய்கிற ஆண்களுக்குச் சாலையோர வேலமரத்தடிதான் பட்டறை. தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, கட்டையைப் பாதங்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு, போகிற வருகிறவர்களை வம்புக்கிழுத்தபடி செதுக்குவார்கள். அப்படிச் செதுக்கியதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் பாலிஷ் பூசுவதும் பெண்கள் பாடு. சியோகாவு இருபத்திரண்டு வருடமாகத் தேய்க்கிறாள். அவளுடைய விரல் ரேகையே அழிந்துவிட்டது. ஒருமுறை அரசாங்க அலுவலகத்தில் கைநாட்டு எடுக்கிற இயந்திரம் அவளை ஆள் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. அதைச் சொல்லிச் சொல்லி அவளே சிரிப்பாள்.

ஆனால் சிரிப்பவள் என்பதற்காக அவளை அப்பாவி என்று நினைத்துவிடக் கூடாது. சந்தேகப்படுவதில் அவளை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆளில்லை. சந்தையில் பீன்ஸ் வாங்கினால் மூட்டையின் அடிவரை கையை விட்டுப் பார்ப்பாள். பாதிரியார் பிரசங்கத்தைச் சீக்கிரம் முடித்தால், யார் வீட்டில் விருந்து என்று விசாரிப்பாள்.

அப்படிப்பட்டவளின் புருஷன் முலிங்கே, ஒரு திங்கட்கிழமை, மரத்தடிக்குப் போகாமல் தகரமும் கம்பும் வாங்கிவந்து ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் குழி தோண்டினான்.

"என்ன கட்டுறீங்க?"

"வேலை செய்யறதுக்கு ஒரு இடம்."

"மரத்தடிக்கு என்ன வந்துச்சு?"

"இடுப்பு வலிக்குது, கசிவாவோட அம்மா. வீட்டுலயே வசதியா உக்காந்து செதுக்கலாம்னு பாக்குறேன்."

இடுப்பு வலி உலகத்தில் இல்லாததல்ல. ஆனால் இடுப்பு வலிக்கிறவன் சாலைப் பக்கம் மட்டும் ஏன் ஆள் உயரத்துக்குத் தகரம் அடிக்கிறான்? காற்று வருகிற பக்கம் அதுதான். சியோகாவு கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவான். அன்றிலிருந்து கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்கத் தொடங்கினாள்.

அவன் செய்த ஒவ்வொன்றும் அவள் சந்தேகத்தைக் கூட்டியது. காலை வெளிச்சம் இடது கைப் பக்கமிருந்து விழும்படி ஒரு சன்னல் வைத்தான். வாய்ச்சி, கத்தி, அரம் எல்லாம் உட்கார்ந்தபடியே எட்டும்படி சுவரில் ஆணி அடித்தான். சாய்மானம் வைத்து ஓர் இருக்கை செய்தான். அதற்குக் கற்றாழை நார் அடைத்துச் சாக்கு மெத்தை ஒன்றும் தைத்தான். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் இந்த மனிதன் ஒரு பொத்தான்கூடத் தைத்ததில்லை.

இது போதாதென்று, கொஞ்ச நாளாகவே அவன் தேநீர்க் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறான். குடிப்பழக்கம் வந்திருக்குமோ என்று ஒருநாள் வாயை முகர்ந்துகூடப் பார்த்தாள். ஏலக்காய் வாசனைதான் வந்தது.

அடுத்த வீட்டுக் கதுங்கேதான் வந்து பற்றவைத்தாள். அவளுக்கு ஊர் விஷயமென்றால் மூக்கில் வியர்த்துவிடும்.

"ஏண்டி சியோகாவு, உள்ள போய்ப் பாத்தியா?"

"எதுக்கு?"

"நான் தகரச் சந்து வழியாப் பாத்தேன். அறை நடுவுல மூணு கல்லு வச்சிருக்கான்டி."

சியோகாவின் கையிலிருந்த உப்புத்தாள் கீழே விழுந்தது. ஓர் அறையில் மூன்று கல் வைத்தாகிவிட்டது என்றால் அது அடுப்பு. அடுப்பு வந்துவிட்டால் அது ஒரு பெண்ணின் வீடு. ஆணுக்குத் தனி வீடு இருக்கலாம், மூன்று கல் இருக்காது. இதைக் கம்பா ஜனங்களில் பால்குடிப் பிள்ளைக்குக்கூட யாரும் விளக்க வேண்டியதில்லை.

"என் சின்ன மாமனாரும் இப்படித்தான். ஆட்டுக்குக் கொட்டகைன்னு சொல்லித்தான் கட்டுனாரு," என்றாள் கதுங்கே. "ரெண்டாம் மாசம் அதுல முகேனி இளைய பொண்டாட்டியா வந்து உக்காந்துட்டா."

"போடி அந்தப் பக்கம்," என்று அவளை விரட்டினாலும், முலிங்கே மெழுகு வாங்கச் சந்தைக்குக் கிளம்பியதும் சியோகாவு உள்ளே போய்ப் பார்த்தாள். மூன்று கல் இருக்கத்தான் செய்தது. அதைவிட அவளைக் குத்தியது இருக்கைதான். முலிங்கே நெட்டைக் கொக்கு. அதில் அவன் உட்கார்ந்தால் முழங்கால் முகவாயில் இடிக்கும். இது வேறு யாருக்கோ செய்தது. குட்டையானவள் எவளுக்கோ.

அந்தக் குட்டச்சியின் மேல் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழுகையும் வந்தது. இந்த வயதில், இந்த வீட்டில், இனி இரண்டாவது அடுப்பின் புகையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டுமா? அவன் திரும்பி வருகிறவரை அவள் அங்கிருந்து நகரவில்லை.

"எத்தனை வயசு அவளுக்கு?"

முலிங்கே வாசலிலேயே நின்றான். "யாருக்கு?"

"இங்க குடிவரப் போறவளுக்கு. மெத்தையெல்லாம் தச்சு வச்சிருக்கியே, அவளுக்கு. ஊரே பாக்க மூணு கல்லு வேற! எனக்குச் சொல்லணும்னு தோணலையா உனக்கு?"

முலிங்கே கல்லைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அப்புறம்தான் உறைத்தது. தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அட கடவுளே. மண்தரையில கட்டை ஆடாம நிக்கணும்னு வச்சேன்டி. மூணு கல்லுமேல வச்சா அசையாது. அடுப்புன்னு எனக்குத் தோணவே இல்லையே!"

"நம்பிட்டேன். அப்ப இந்த இருக்கை? நீ உக்காரு பாப்போம்."

அவன் உட்காரவில்லை. சுவரிலிருந்து வாய்ச்சியை எடுத்து அவள் முன் நீட்டினான். நீட்டிய கை நடுங்கியது. இரும்பு முனை காற்றில் கிடுகிடுவென்று ஆடுவதை அவள் பார்த்தாள். இரண்டு கைக் குவளையின் அர்த்தம் அப்போது விளங்கியது.

"ஏழு மாசமா இப்படித்தான்," என்றான். "மரத்தடியில ரெண்டு யானைக்குத் தும்பிக்கையை ஒடிச்சுட்டேன். இன்னும் யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா அப்புறம் நான் மனுசனா அங்க உக்கார முடியாது."

"அதுக்கு?"

"ஒட்டகச்சிவிங்கிக் காதை நான் மொட்டையா வெட்டிக் குடுப்பேன். நீ தேச்சுக் குடுக்கறப்ப அது கூர்மையா விடைச்சுக்கிட்டு வரும். கத்தி வச்சு நீ சீவுறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? எத்தனை வருசமாப் பாக்குறேன். இருக்கை உன் அளவுடி. உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். பாதம் இரண்டும் தரையில் பதிந்தன. முதுகுக்கு வேண்டிய இடத்தில் சாய்மானம் இருந்தது. அப்பாடா என்றிருந்தது. தன் உடம்பை ஒருவன் இவ்வளவு கவனித்திருக்கிறான் என்பதில் அவளுக்கு உச்சி குளிர்ந்தது. இவ்வளவு நேரம் குட்டச்சி என்று திட்டியது தன்னைத்தான் என்று நினைத்துச் சிரிப்பும் வந்தது.

ஆனால் சிரிப்பு முடிவதற்குள் சந்தேகம் வந்துவிட்டது. சியோகாவு அல்லவா.

"அப்ப சாலைப் பக்கம் எதுக்குத் தகரம்?"

முலிங்கே தரையைப் பார்த்தான். "பொம்பளை வாய்ச்சி பிடிக்கிறதை யாரும் பாக்க வேணாம்னுதான். செதுக்குறவங்க சங்கத்துல விக்கக் குடுக்கறப்ப பொம்மை அடியில என் உறுப்பினர் நம்பரையே எழுதிக்கலாம். குடும்பத்துக்குத்தானே எல்லாம்?"

இன்னொருத்தியை மறைப்பதற்கு அல்ல இந்தச் சுவர். அவளையே மறைப்பதற்கு. எவளோ ஒருத்தி வந்திருந்தால்கூட ஊர் அவளைப் பார்த்திருக்கும், பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கும் என்று நினைத்தபோது சியோகாவுக்கு முன்னைவிட அதிகமாக வலித்தது.

"நான் செதுக்குறேன்," என்றாள். "நாளைக்குச் சங்கத்துக்குப் போய் என் பேர்ல ஒரு நம்பர் கேக்குறேன். நீங்களும் கூட வரீங்க."

"ஊரு சிரிக்குமே, கசிவாவோட அம்மா."

"மூணு கல்லைப் பாத்து ஏற்கனவே சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. தகரத்தைக் கழட்டுங்க."

அவன் கைக்கு ஆணி அடங்கவில்லை. குறடு வழுக்கி வழுக்கிப் போனது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவளே எழுந்துபோய்க் குறட்டை வாங்கி ஆணிகளைப் பிடுங்கினாள். அவன் தகரத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான். அது சாய்ந்ததும் சாலைத் தூசியும் வெயிலும் சேர்ந்து உள்ளே வந்தன.

மூன்று கல்லின் மேல் கட்டையை நிறுத்தி அவள் முதல் வெட்டைப் போட்டாள். ஆழமாக விழுந்துவிட்டது. இரண்டாவது சரியாக விழுந்தது. முலிங்கே பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "மணிக்கட்டைத் தளர்த்து," என்றான். சத்தம் கேட்டுக் கதுங்கே ஓடிவந்து சாலையோரத்தில் நின்றாள். அவளுக்குப் பின்னால் மரத்தடிக்குப் போகிற ஆண்கள் இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள்.

சியோகாவு தலை நிமிரவில்லை.

"கதுங்கே, வெளிச்சத்தை மறைக்காத," என்றாள். "கொஞ்சம் தள்ளி நின்னு பாரு."