ஓடிக்கொண்டே இருந்த மோட்டார்

"…திரும்பி வந்தா என்ன, வராட்டி என்ன மாப்ள? மோட்டார் ஓடுதில்ல?" என்றார் மாமா.

மாமா என்பது என் அக்காவின் வீட்டுக்காரர். அவர் இதைச் சொன்னபோது பட்டறையில் நாங்கள் இருவர் மட்டும்தான். கதவோரம் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் யார் காட்டுக்குப் போகிறதென்று அவரே மார்க்கரில் எழுதியிருந்தார். அவர்களெல்லாம் வாங்கிக்கொள்ளும் பாலக்கோட்டுக் கடைக்கு ஏற்றிப்போக வந்த டெம்போ வெளியே நின்றது. ஓட்டுநர் டீ குடிக்கப் போயிருந்தார். அவர் வருவதற்குள் முடிவாக வேண்டும், பெட்டிகள் போவதா, நிற்பதா என்று.

போர்வெல் மோட்டாரைத் தானே போட்டுத் தானே நிறுத்துகிற பெட்டி அது. எங்கள் பக்கம் மும்முனை கரண்ட் முறை வைத்துத்தான் வரும். வந்ததும் மோட்டாரைப் போட வேண்டும், குழியில் தண்ணீர் தீர்ந்தால் நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் மோட்டார் வெறுமனே ஓடிச் சூடேறிக் கருகும்.

மாமா கருகிய மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருந்தவர். நான் செல்போன் ரிப்பேர் பார்க்கிறவன். இந்த வேலையை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சிப்போடு வந்த கையேட்டை நான் வாசிப்பேன், புரியாத வரியைப் போனில் தேடிப் பார்ப்போம், அதுவும் புரியாவிட்டால் சண்டை போடுவோம். சிப் எந்த வேலையை எப்போது செய்ய வேண்டும் என்று மேய்க்கிற அடிப்படை நிரலைக் கெர்னல் என்பார்கள். பெரிய கெர்னல் எதுவும் அந்தச் சின்னச் சிப்பில் அடங்காது என்பதால் நாங்களே ஒரு குட்டி கெர்னலை எழுதினோம். ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர். நான் சொல்லச் சொல்ல அவர் தட்டுவார். அவர் விரல்கள் காயில் கம்பி சுற்றித் தடித்தவை. ஒரு எழுத்துக்குப் பக்கத்து எழுத்தையும் சேர்த்தே அமுக்கும்.

இன்டரப்ட் என்பதை எனக்குப் புரியவைத்தவரே மாமாதான். கையேடு நாலு பக்கத்தில் சுற்றிச் சுற்றிச் சொன்னதை ஒரே மூச்சில் சொன்னார்: "சோறு தின்னுட்டு இருக்கற. வாசல்ல யாரோ கூப்புடறாங்க. எந்திரிச்சுப் போயி, பேசி அனுப்பிட்டு, திரும்பி வந்து அதே எலைல, வுட்ட வாய்லருந்து திங்கோணும். பக்கத்து எலைல போயி ஒக்காந்துட்டா அடி வுழும்." சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். சிப்புக்கும் அதேதான். கரண்ட் வந்தாலும் போனாலும் குலுங்கினாலும் அதற்கு அது ஒரு கூப்பாடு. செய்துகொண்டிருக்கும் வேலையை நடுவில் விட்டுப் போகும்போது, எங்கே விட்டோம் என்று குறித்துவைத்துவிட்டுப் போக வேண்டும். வந்த காரியம் முடிந்ததும் குறிப்பைப் பார்த்துச் சரியாக அங்கேயே திரும்ப வேண்டும்.

நாங்கள் அந்தக் குறிப்பை வைக்க ஒரே ஒரு இடம்தான் ஒதுக்கியிருந்தோம். பட்டறையில் அது போதுமானதாக இருந்தது. ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைத்தோம், மாதக்கணக்கில் ஒரு பிசகும் இல்லை.

முதல் பெட்டியை ஒரு அத்தையின் காட்டில் மாட்டினோம். சொந்தமில்லை, முறைக்கு அத்தை, தக்காளி போடுகிறவர். கடையில் விற்கிற மற்றப் பெட்டிகளைப் போலவே எங்கள் பெட்டியிலும் ஒரு சின்னத் திருகு உண்டு. கரண்ட் வந்து எவ்வளவு நேரம் கழித்து மோட்டார் எடுக்க வேண்டும் என்பதை அதில் வைக்கலாம். ஒரே டிரான்ஸ்பார்மரில் இருப்பவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்துக்கொள்ளத்தான் அந்தத் திருகு. எந்த ஊரிலும் எவரும் அப்படி வைப்பதில்லை. கடைசியாக எடுக்கிற மோட்டாருக்கு வோல்டேஜ் கிடைக்காது என்று எல்லாருமே பூஜ்ஜியத்தில் வைத்திருப்பார்கள். தள்ளி வையுங்கள் என்று அத்தையிடம் சொன்னேன். "நா எதுக்குக் கண்ணு கடைசில நிக்கோணும்? ஊர்ல எல்லாத்துத் தக்காளிக்கும் தாகம் எடுக்கும், எந்தக்காளி மட்டும் வெரதமா?" என்று கேட்டபடியே என் கண்முன்னால் திருகைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பினார்.

செடிகள் பூவெடுத்திருந்த வாரத்தில் அவர் மோட்டார் கருகியது. நாங்கள் போய்ப் பார்த்தபோது குழியில் தண்ணீர் இல்லை, பெட்டி நிறுத்தவும் இல்லை. அத்தை திட்டவில்லை. "எம்மோட்டாரு உங்க பொட்டி பேச்சக் கேட்டு உசுர வுட்டுருச்சு. பரவால்ல போ, உங்க மாமனுக்குக் காயில் கட்டற வேல மறுபடி வந்துருச்சு" என்றார். மாமா அந்த மோட்டாரைக் கழற்றி எடுத்துவந்து காயில் கட்டிக் கொடுத்தார். அதற்குள் பூ உதிர்ந்துவிட்டது.

கடைக்குப் போகவேண்டிய இந்த லாட் பெட்டிகள் அதற்கு முன்பே தயாராகிக் கதவோரம் இருந்தன. மாமா பெட்டியைக் குறை சொல்லவில்லை, அத்தையின் வயரிங்கைச் சொன்னார். எனக்கு மனசு ஆறவில்லை. ஊரே ஒன்றாக மோட்டாரை எடுக்கும்போது கரண்ட் குலுங்கும் அல்லவா, அந்தக் குலுக்கலை எப்படிப் பட்டறைக்குக் கொண்டுவருவது என்று யோசித்து, ஒரு அரத்தை எடுத்தேன். சிப்புக்குப் போகும் கம்பி நுனியை அரத்தின் பல்லில் இழுத்தேன். தொட்டும் தொடாமலும் போகிற அந்தக் கரகரப்பில், பெட்டி முதல் இழுப்பிலேயே எதற்கும் அசையாமல் உறைந்து நின்றது.

பிறகு புரிந்தது. ஒருவர் கூப்பிட்டு எழுந்து போகிறோம், அவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் கூப்பிடுகிறார். இருப்பதோ ஒரே குறிப்பு. இரண்டாவது குறிப்பு முதல் குறிப்பின் மேலேயே விழுந்து அதை அழித்துவிடுகிறது. இரண்டாமவரை அனுப்பிவிட்டு முதலாமவரிடம் வருகிறோம். அவரையும் அனுப்பிவிட்டு இலைக்குத் திரும்பலாமென்று குறிப்பைப் பார்த்தால், வாசலுக்குப் போ என்று எழுதியிருக்கிறது. போகிறோம். பேசுகிறோம். மறுபடி குறிப்பைப் பார்க்கிறோம். வாசல். கரண்ட் போகும்வரை சிப் அந்த வாசலிலேயே நின்று கிடந்தது. தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை இலையில் இருந்தது.

திருத்தம் சில வரிகள்தான். குறிப்புகளைத் தட்டு அடுக்குவதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலிருந்து எடுக்க வேண்டும். எழுதி, அரத்தில் இழு இழு என்று இழுத்தேன். நிற்கவில்லை. ஆனால் கதவோரம் இருந்த பெட்டிகளுக்குள் அதைக் கொண்டுபோக வழியில்லை. பல்லியும் எறும்பும் புகுந்து ஷார்ட் ஆகும் என்று போர்டு முழுவதையும் கல்லாக இறுகும் ரெசின் பசை ஊற்றி மூடியிருந்தோம். சிப்பில் புது நிரலை ஏற்றுவதற்கான பின்களும் அதற்குள்தான். உடைத்தால் போர்டே போய்விடும்.

அன்று காலையில் மாமாவை உட்காரவைத்து அரத்தில் இழுத்துக் காட்டினேன். அவரே ஒருமுறை வாங்கி இழுத்துப் பார்த்தார். நின்றது. அரத்தைத் திருப்பி என் கையில் வைத்தார்.

இந்தப் பெட்டிகளை உடைத்துப் புதிதாகச் செய்யலாமுங்க என்றேன். மாமா ஒப்பவில்லை. இதற்காகக் காயில் வேலையையே விட்டேன், கேட்டு வந்ததே இந்த ஒரு கடைதான், இப்போது இல்லையென்றால் கடைக்காரர் மறுபடி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார் என்றார். இரண்டு குலுக்கல் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும், அன்றைக்கே குழியும் வற்ற வேண்டும், எல்லாருக்குமா அப்படி நடக்கும் என்றார். அடுத்த லாட்டில் சரிசெய்துகொள்ளலாம் என்றார். அவர் சொன்னதில் எதுவும் பொய்யில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, குழிகள் வற்றுகிற காலம் வந்துகொண்டிருந்தது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

"எலக் கதைய நீங்கதானுங்க மாமா சொன்னீங்க. அதே எலைக்குத் திரும்பி வரோணும்னு" என்றேன்.

அப்போதுதான் சிரித்தார். திரும்பி வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று கேட்டார். மோட்டார் ஓடுகிறதே என்றார். ஓடிக்கொண்டேதான் இருக்கும், அதுதான் கோளாறே என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் ஓட்டுநர் வந்து டெம்போவின் பின்கதவை இறக்கினார்.

மாமா எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பெட்டி அடுக்கின் முன்னால் நின்றார். மேலே எழுதியிருந்த பெயர்களை விரலால் தடவிக்கொண்டே வந்து, நடுவிலிருந்து ஒரு பெட்டியை மட்டும் உருவினார். அது தன் சொந்தக் காட்டுக்கென்று அவர் எழுதி வைத்திருந்தது. அதை மேசைக்கு அடியில் காலால் தள்ளிவிட்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கி டெம்போவில் ஏற்றத் தொடங்கினார்.