தினமும் தேய்த்து வைத்த பர்னர்

"குத்தாத மே, அந்த ஊக்கக் கீய போடு. ஓட்ட பெருசாயிட்ச்சினா நெருப்பு டப்புன்னு உள்ள பூந்துக்கும். அப்பறம் அந்த பர்னரு எதுக்கும் ஒதவாது."

தன் அடுப்பு பர்னரைக் குத்திக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரி சிரித்தாள். "பர்னரப் பத்தி உனுக்கு இன்னா ஆயா தெரியும்?" என்றாள். எனக்கா தெரியாது? ஒரு மாதம் முழுக்க ஊக்கால் குத்திக் குத்தியே ஒரு நல்ல மனிதரின் பிழைப்பைக் கெடுத்தவள் நான். உட்கார், சொல்கிறேன் என்றேன். அவளும் முருங்கைக்கீரையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

மழை இல்லாமல் போன வருஷம் அது. நடவும் இல்லை, களையெடுப்பும் இல்லை. பழையசீவரம் போகிற சாலையில் ஒரு தகரக் கொட்டகையில் கேஸ் அடுப்புக்குப் பித்தளை பர்னர் செய்துகொண்டிருந்தார்கள். காவாந்தண்டலத்திலிருந்து அங்கே பெருக்குகிற வேலைக்குப் போனேன். பர்னருக்கு எங்கே ஓட்டை வைக்கலாம் என்று யோசிப்பதற்கென்றே ஒரு சார் இருந்தார். இதெல்லாம் ஒரு வேலையா என்று முதலில் நினைத்தேன். அவரோ தரையில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு, தீ எப்படி எழும்புகிறது என்று நாஷ்டாவைக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒல்லி மனிதர், காற்றடித்தால் சாய்ந்துவிடுவார். அவருடைய புது பர்னரில் ஓட்டையெல்லாம் வானம் பார்த்து இருந்தது. தீ நேராகப் பாத்திரத்தில் படும், கேஸ் கம்மியாகப் பிடிக்கும் என்றார். பார்க்க அழகுதான். நீலத்தில் வளையல் போட்ட மாதிரி எரியும்.

தண்ணீர் காயவைத்துப் பார்த்தாயிற்று. "வெறும் தண்ணிய யாரு காய வைக்கிறாங்க? சோறுதானே ஆக்கறாங்க. ஒரு மாசம் நீங்க ஆக்கிக் காட்டுங்கம்மா" என்றார் சார். ஒரு நாளைக்கு எட்டு உலை. இடுப்பு விட்டுப்போகும். தின்றது போக மீதி ஆட்டுக்கு. அந்த ஆடுகூடக் கடைசியில் சோற்றைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. "அத்தைக்கு இன்னா, தெனம் கல்யாண வூடு மாரி ஆக்கிக்கினே கீது" என்று மற்ற பெண்கள் கிண்டல் பண்ணுவார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சுள்ளி பொறுக்கி, மறுபடியும் உலை வைக்க வேண்டும். அந்த அலுப்பு இன்னமும் உடம்பில் இருக்கிறது.

உலை என்றால் பொங்கும். கஞ்சி பர்னர் மேல் வழிந்து காய்ந்து, ஓட்டையை அடைத்துக்கொள்ளும். எட்டாவது உலைக்குப் பாதி வளையம்தான் எரியும். அடுப்பை அந்தக் கோலத்தில் விட்டுவிட்டு ஒருத்தி வீட்டுக்குப் போவாளா? புளி போட்டுத் தேய்த்து, ரவிக்கை ஊக்கை எடுத்து ஒவ்வொரு ஓட்டையாகக் குத்திவிட்டு, பளபளவென்று கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். காலையில் மட்டும்தான் சார் வந்து பற்றவைத்துப் பார்ப்பார். முழு வளையமும் எரியும். நோட்டில் ஏதோ எழுதுவார். எனக்கு எழுத்து தெரியாது. என் சுத்தத்தைத்தான் எழுதுகிறார் என்று பெருமையில் இருந்தேன்.

மாதம் முடிந்து முதலாளி வந்தார். சார் நோட்டைப் பார்த்துப் படித்தார்: "முப்பது நாள் சோறு ஆக்கியாச்சு. ஒரு நாள்கூட ஓட்டை அடைக்கலை." அச்சு வார்க்கச் சொல்ல முதலாளி போனைக் கையில் எடுத்துவிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொன்னால் என் கூலி போகும், அவர் மானம் போகும். சொல்லாவிட்டால் ஊரில் உள்ள பெண்களெல்லாம் ஊக்கும் கையுமாக நிற்பார்கள்.

"சார், அடைக்காம இன்னா? தெனம் அடைச்சிக்கினுதான் இருந்திச்சி. நான்தான் குத்தி வுட்டுக்கினு கெடந்தேன்."

"இந்தம்மாவ யாருய்யா உள்ள வுட்டது?" என்று முதலாளி கத்தினார். சார் என்னைப் பார்த்தார். "அவங்க மேல தப்பில்ல. சாயங்காலம் என்ன பண்றீங்கன்னு நான் ஒரு நாளாவது கேட்டிருக்கணும்" என்றார். ஓட்டையைப் பக்கவாட்டில் திருப்பி, மேலே கூரைச் சரிவு மாதிரி ஒரு மூடி வைக்கிறேன், இன்னும் ஒரு மாதம் கொடுங்கள் என்று கேட்டார். முதலாளி கொடுக்கவில்லை. இதுவே போதும், கையெழுத்துப் போடு என்றார். சார் போடவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வாசலில் என்னைப் பார்த்து, "அடுத்த தடவை யாராவது சோதிச்சுப் பாக்கச் சொன்னா, தொடைக்காதீங்கம்மா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. என்னைத் துடைப்பத்தோடு விட்டுவைத்தார்கள். வானம் பார்த்த பர்னர் வண்டி வண்டியாகப் போனது.

அதற்கப்புறம் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் குனிந்து அடுப்பைத்தான் பார்ப்பேன். போன மாதம் உத்திரமேரூரில் மகள் வீட்டில் புது அடுப்பு. ஓட்டையெல்லாம் பக்கவாட்டில், மேலே கூரைச் சரிவு. அவர் செய்ததா, வேறு யாராவது செய்ததா, யார் கண்டது? வேண்டுமென்றே உலையைப் பொங்கவிட்டேன். மூன்று நாள் பொங்கவிட்டேன், துடைக்கவில்லை. கை பரபரத்தது, முந்தானையில் சுற்றிக்கொண்டேன். "இன்னாம்மா, வயசான காலத்துல இவ்ளோ அயுக்குப் புடிச்சவளா ஆயிட்ட?" என்று மகள் திட்டினாள். நாலாம் நாள் காலையில் பற்றவைத்தேன். ஒரு ஓட்டை விடாமல் எரிந்தது.

"அடைக்கல சார்" என்று அடுப்பைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன். மகள் பயந்துபோய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"எய்ந்திரு மே, கொயாயில தண்ணி வந்துட்ச்சி. கீரைய அப்பறம் கிள்ளிக்கலாம், மொதல்ல கொடத்த எடு" என்று எதிர்வீட்டுக்காரியைக் கிளப்பினேன்.