கொன்ஃபிக் ஃபைலில் தேடிய நாட்கள்

எங்கள் தொழிலில் பாதி நாள் பிழையைத் தேடுவதில் போகும், மீதி அந்தப் பிழை நம்முடையது இல்லை என்று நம்புவதில் போகும். இதே வேலையில் கிடந்து மாய்கிறவர்களுக்கு விளக்கம் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு மென்பொருளுக்கு வேண்டிய பெயர்களையும் இலக்கங்களையும் கொன்ஃபிக் ஃபைல் என்று தனியே ஒன்றில் எழுதி வைப்போம். அதை வாசித்து, எந்தப் பகுதிக்கு எது தேவையோ அதைக் கொண்டுபோய்க் கொடுப்பது, மென்பொருளுக்கு அடித்தளமாக நிற்கும் ஃபிரேம்வேர்க்கின் பொறுப்பு. அது கொடுக்காத நாளில்தான் எங்களைத் தேடுவார்கள்.

நான் கல்முனையில் ஒரு சின்ன ஒபிசில் இந்த வேலை செய்கிறேன். கணவர் தோஹாவில் கட்டட வேலைத்தளத்தில் மேற்பார்வையாளர். அவருடைய பகல் சாப்பாட்டு நேரம் எங்களுக்குப் பின்னேரம் இரண்டரை. அந்த அரை மணித்தியாலம்தான் நாங்கள் கதைக்கிற நேரம்.

கண்ணுக்குத் தெரியாத இடைவெளி

அறுவடைக் காலம். சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலையில் நெல் நிறுத்ததும் அச்சாக வேண்டிய எடைத் துண்டு அச்சாகவில்லை. போய்ப் பார்த்தால் பிரிண்டர் மேசையில் இருக்கிறது. அப்படி ஒரு பிரிண்டரே இல்லை என்கிறது எங்கள் மென்பொருள். ஃபைலில் பெயரைப் பார்த்தேன், சரியாக இருந்தது. எழுத்தெழுத்தாகப் பார்த்தேன், அப்போதும் சரி. இரண்டரைக்கு ஃபோன் அடித்தது. எடுக்கவில்லை. மூன்று மணிக்கு முன்னர் இன்னொரு தரம் அடித்து நின்றது.

மூன்றரைக்குத்தான் கண்டுபிடித்தேன். பெயருக்குப் பின்னால் யாரோ ஓர் இடைவெளி விட்டிருந்தார்கள். ஃபிரேம்வேர்க் அதையும் பெயரோடு சேர்த்து வாசித்திருக்கிறது. அந்த யாரோ நான்தான். ஆலைக்கார ஹாஜியாரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் வாசலில் நின்ற லொறிகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“மகள், ஒண்டும் எழுதாத இடத்தால மூணு லொறி நிண்டதெண்டு நான் டிரைவர்மாருக்கு எப்படிச் சொல்லுற?”

சைபரில் தொடங்கும் இலக்கம்

கோமாரியில் தங்குமிடம் வைத்திருக்கும் ஒருவருக்கு இணையத்தளம் செய்து கொடுத்தோம். அவருடைய தொலைபேசி இலக்கத்தைக் கொன்ஃபிக் ஃபைலில் மேற்கோள் குறி இல்லாமல் எழுதிவிட்டேன். முன்னால் சைபர் இருந்ததால் ஃபிரேம்வேர்க் அதை வேறு கணக்கு முறையில் எழுதிய எண் என்று எடுத்து, மாற்றி, யாருடையதும் அல்லாத ஓர் இலக்கத்தைத் தளத்தில் போட்டுவிட்டது. மூன்று கிழமைக்குப் பிறகு தற்செயலாக நானே பார்த்தேன். மன்னிப்புக் கேட்கக் கூப்பிட்டபோது அவர் முதல் மணியிலேயே எடுத்தார்.

“கோல் வராததால சீசன் முடிஞ்சிட்டு எண்டு நினச்சன் மகள், ஆனா ஃபோன மட்டும் கைய விட்டு வைக்கேல்ல.”

வருவதற்கு முன் பார்த்தது

என் பக்கத்து மேசையில் இருப்பவள் தர்ஷினி, காரைதீவுப் பிள்ளை. ஒருநாள் நான் எழுதிய ஒரு பகுதி, ஃபைலில் இருக்கிற பெறுமதியை வெறுமை என்று காட்டிக்கொண்டே இருந்தது. ஃபைல் சரி, பெயர் சரி, இடைவெளி இல்லை. காலையிலிருந்து தேடுகிறேன். நடுவில் நிமிடத்துக்கொரு தரம் ஃபோனையும் பார்க்கிறேன். பெருநாளைக்குக் கணவருக்கு லீவு தருவார்களா என்று கொம்பனி அன்றுதான் சொல்வதாக இருந்தது. கேட்டதும் எழுதுகிறேன் என்றிருந்தார் அவர்.

தர்ஷினி கதிரையை இழுத்துக்கொண்டு வந்து திரையைப் பார்த்தாள். ஒரு பகுதியை உருவாக்கி முடித்த பிறகுதான் ஃபிரேம்வேர்க் அதற்குள் பெறுமதியை வைக்கும். நானோ உருவாகிக்கொண்டிருக்கும்போதே எடுக்கப் பார்த்திருக்கிறேன். வரியைக் கீழே நகர்த்தினாள், வேலை செய்தது. என் கையிலிருந்த ஃபோனையும் வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். லீவு இல்லை என்ற செய்தி பின்னேரம்தான் வந்தது. ஃபோனைக் கவிழ்க்கும்போதே அவள் சொல்லியிருந்தாள்:

“வர முதலே பாத்துப் பாத்து இல்ல இல்ல எண்டா, அது என்னடி செய்யும்?”

நாற்பது பேருக்குப் போன செய்தி

ஒரு தனியார் கிளினிக்கில் மாதத்துக்கு ஒரு முறை கொழும்பிலிருந்து கண் டொக்டர் வருவார். முதல் நாள் பின்னேரமே நோயாளிகளுக்கு நினைவூட்டல் செய்தி போகும். அந்த மாதம் காலை ஒன்பதரைக்குக் கிளினிக்கிலிருந்து அழைப்பு வந்தது: டொக்டர் வந்து இருக்கிறார், நோயாளிகள் இருக்கும் வாங்கு முழுக்க வெறுமை. ஒருவருக்கும் செய்தி கிடைக்கவில்லை.

சேர்வரை முதல் நாள் மீண்டும் தொடக்கியபோது எந்த ஃபைலை வாசிக்க வேண்டும் என்று சொல்ல மறந்திருக்கிறோம். அது, சரிபார்க்க மட்டும் வைத்திருக்கும் டெஸ்ட் ஃபைலை வாசித்திருக்கிறது. டெஸ்டில் எல்லாச் செய்தியும் ஒரே இலக்கத்துக்குப் போகும். திறந்து பார்த்தேன். என் கணவர் தோஹாவிலும் ஃபோனில் வைத்திருக்கும் இலங்கை இலக்கம். போன லீவில் அவர் என் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, செய்தி வருகிறதா என்று பார்க்க நான் போட்டது. அவர் போய் ஏழு மாதம். அந்த இலக்கத்தை எடுத்துவிட எத்தனையோ தரம் ஃபைலைத் திறந்திருக்கிறேன், எடுக்காமலே மூடியிருக்கிறேன்.

ஃபைலைத் திருத்தி நாற்பது பேருக்கும் மறுபடி அனுப்பினோம். தர்ஷினியும் நானும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டும் சொன்னோம். டொக்டர் பின்னேரம் வரை நிற்க ஒப்புக்கொண்டார். சாகாமத்திலிருந்து ஒரு தாய், கண்ணில் கட்டோடு, கடைசி ஆளாக வந்து சேர்ந்தார் என்று கேள்விப்பட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அதற்கிடையில், இரண்டரைக்குக் கணவர் கோல் எடுத்தார். “மச்சான், நேத்து உங்கட ஃபோனுக்கு மெசேஜ் வந்திச்சா?” என்று கேட்டேன். ஓம் என்றார். பின்னால் வேலைத்தளத்துச் சத்தம் கேட்டது. ஏன் சொல்லவில்லை என்றேன்.

“நீ டெஸ்ட் பண்ணுறாய் எண்டு நினச்சன் புள்ள. நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க எண்டு நாப்பது வந்திச்சி, ஒண்டாவது எனக்கு எழுதினதா இரிக்குமெண்டு எல்லாத்தையும் வாசிச்சன்.”

ஆக, இத்தனை வருடத்தில் எந்த ஃபைலில் எதை மாற்றினால் எது வந்து சேரும் என்று ஓரளவு படித்துவிட்டேன், தோஹாவில் லீவு எழுதி வைத்திருக்கும் ஃபைலைத்தான் இன்னும் என்னால் திறக்க முடியவில்லை.