லேமினேஷன் போட்ட பட்டியல்

தென்காசியில் ஒரு தனியார் பள்ளியில் நான் ஆங்கில ஆசிரியை. ஒழுங்காக இருக்கிற வினைச்சொல்லின் வாலில் ‘அப்’, ‘அவுட்’, ‘ஆஃப்’ என்று எதையாவது கட்டிவிட்டால் அதற்கு எப்படிப் புத்தி மாறிப்போகும் என்று இருபத்திரண்டு வருடங்களாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ‘கிவ்’ என்றால் கொடு. ‘கிவ் அப்’ என்றால் கைவிடு. ‘கிவ் இன்’ என்றால் பணிந்து போ. ஏன் என்று கேட்கும் பிள்ளைக்கு என்னிடம் ஒரே பதில்தான்: மனப்பாடம் பண்ணு. இதற்குச் சம்பளமும் தந்து, கெட்டிக்கார டீச்சர் என்ற பெயரும் தருகிறார்கள்.

நம் தமிழிலும் இந்தக் கூத்து உண்டு. ‘போடு’ தெரியும், ‘கொடு’ தெரியும். ‘போட்டுக்கொடு’ என்றால் சமாச்சாரமே வேறு. அதை யாரும் பட்டியல் வைத்துப் படித்ததில்லை. நம்மை ஒருவர் மேலதிகாரியிடம் போட்டுக்கொடுத்த அன்றைக்குத் தானாகவே விளங்கிவிடும். இந்த ஞானம் எனக்கு முன்பே இருந்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

என் கணவர் பதினெட்டு வருடம் வளைகுடாவில் ஒரு கிடங்கில் ஸ்டோர்கீப்பராக இருந்தார். மலையாளி, நேபாளி, வங்காளி, பிலிப்பைன்ஸ்காரர் எல்லாரும் கூடிச் செய்த ஆங்கிலம்தான் அங்கே புழக்கம். எந்த வினைச்சொல்லுக்கும் எந்த வாலையும் ஒட்டிக்கொள்ளலாம். சரக்கு ‘ஃபினிஷ் அப்’ ஆகும், லாரி ‘ரீச் அவுட்’ ஆகும், மேனேஜர் ‘ஷௌட் டவுன்’ பண்ணுவார். ஆனாலும் பதினெட்டு வருடத்தில் ஒரு பெட்டிகூடத் தப்பான லாரியில் ஏறியதில்லை என்பார். அதற்கெல்லாம் நான் மதிப்பெண் போடுவதில்லை.

போன வருடம், போதும் என்று ஊருக்கு வந்துவிட்டார். ஆனால் அங்கே இருந்த சூப்பர்வைசர் விடவில்லை. சாரல் சீசன் முடிகிற வாரத்துக்குள் பதில் சொன்னால் பழைய வேலை அப்படியே இருக்கும் என்று போன் பண்ணிக்கொண்டே இருந்தார். இங்கே தெரிந்தவர் ஒருவர் மூலம் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலை கிடைத்தது. சீசன் முழுக்கப் பார்ப்போம், ஒத்துவந்தால் நிரந்தரம் என்றார் முதலாளி. ஒத்துவராவிட்டால் இவர் மறுபடியும் விமானம் ஏற வேண்டியதுதான்.

அவர் போகக் கூடாது என்று நான் நினைத்தேன். இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. பதினெட்டு வருடம் கட்டிலில் அவர் பக்கம் மடிக்காத துணிதான் கிடந்தது. அதைத் திரும்பவும் துணிக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

புத்தியுள்ள பெண்டாட்டி என்ன செய்திருப்பாள்? சாப்பாடு கட்டிக்கொடுத்து, போய்வாருங்கள் என்றிருப்பாள். நானோ, அவர் வேலையில் சேர்ந்த இரண்டாம் நாள் இரவு பட்டியல் எழுதினேன். லாட்ஜுக்கு எல்லா ஊர்க்காரர்களும் வருவார்கள், இவர் வாயைத் திறந்து என் மானத்தை வாங்கிவிடக் கூடாது என்ற கவலை எனக்கு. ‘செக் இன்’, ‘செக் அவுட்’, ‘ஃபில் இன்’, ‘டர்ன் ஆஃப்’ என்று தொண்ணூறு சொற்கள். அவர் வழக்கமாகச் சொல்லும் தப்பு ஒரு பக்கம், சரியானது மறு பக்கம், நடுவில் சிவப்பு மையில் கோடு. சாப்பிடும்போது கேள்வி கேட்பேன். தப்பாகச் சொன்னால் திருத்திய பிறகுதான் ரசம் ஊற்றுவேன். மனிதர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. நல்ல மாணவன் என்று நானும் பூரித்துப்போனேன்.

இரண்டாம் வாரக் கடைசியில் லாட்ஜ் முதலாளி எனக்கு போன் செய்தார்.

“டீச்சர், சாருக்கு ஒடம்புக்கு ஏதும் செய்யுதா? மொத ரெண்டு நாளு நல்லா கலகலன்னு பேசுனாரு. இப்போ ஆளு வந்து முன்னால நின்னா முழிச்சுக்கிட்டு நிக்காரு. சீசன்ல இது சரிப்பட்டு வராதுல்லா.”

அடுத்த நாள் சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. பஸ் ஏறிக் குற்றாலம் போனேன். பிசுபிசுவென்று சாரல் விழுந்துகொண்டிருந்தது. லாட்ஜ் வாசலில் எண்ணெய் தேய்த்துவிடுகிற அண்ணாச்சி ஒருவர், வடநாட்டுக் குடும்பத்திடம் நான்கே நான்கு ஆங்கிலச் சொற்களை வைத்துக்கொண்டு மூன்று பேருக்குப் பேரம் பேசி முடித்துவிட்டார். அந்த நான்கில் இரண்டு தப்பு. அவர்கள் மகிழ்ச்சியாக அவர் பின்னால் போனார்கள்.

உள்ளே போய் ஓரமாக உட்கார்ந்தேன். இவர் என்னைக் கவனிக்கவில்லை. பெங்களூரிலிருந்து வந்த ஓர் அம்மாள், மெயின் அருவியில் இன்று குளிக்க விடுவார்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். மேலே மழை வலுத்துத் தண்ணீர் அதிகமாகிவிட்டதால் காலையிலிருந்தே குளிக்கத் தடை. அது லாட்ஜில் பெருக்குகிறவருக்கும் தெரியும். இவர் வாயைத் திறந்தார். சட்டென்று கண் கவுண்டருக்குக் கீழே போனது. எதன் மேலோ விரல் வரிவரியாக நகர்ந்தது. அந்த அம்மாள் இரண்டாவது முறை கேட்டார், மூன்றாவது முறை கேட்கவில்லை. வெளியே போய் எண்ணெய் தேய்க்கிறவரிடம் கேட்டுக்கொண்டார்.

நான் எழுந்து கவுண்டருக்குப் பின்னால் போனேன். கீழ்ப்பலகையில், விபூதிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில், என் பட்டியல். நான்கு மூலையிலும் டேப் ஒட்டியிருந்தது. லேமினேஷன் வேறு போட்டிருந்தார். என் பட்டச் சான்றிதழுக்குக்கூட நான் லேமினேஷன் போட்டதில்லை.

“எதுக்கு இதைப் பாத்துக்கிட்டு நிக்கிய? பேச வேண்டியதுதான?” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“வாயைத் தொறந்தா நீ பக்கத்துல நின்னு கோடு போடுத மாதிரியே இருக்குட்டி. அங்கன இருக்கும்போது ஒரு தடவை நம்ம கல்யாண நாளுக்கு இங்கிலீஷ்ல பேசி உனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புனேன். நீ தப்பைத் திருத்தி அனுப்புன. அதுக்கப்புறம் நான் உனக்கு இங்கிலீஷ்ல பேசி அனுப்பவே இல்ல. கவனிச்சியா?”

கவனிக்கவில்லை. அவர் அன்று என்ன சொல்லி அனுப்பினார் என்பதும் நினைவில் இல்லை. தப்பு மட்டும் நன்றாக நினைவிருக்கிறது: ஒரு ‘ஃபார்’ விட்டுப்போயிருந்தது. கட்டிய புருஷன் கடல் தாண்டி உட்கார்ந்து ஆசையாக என்னவோ சொல்லியிருக்கிறார். நான் அதில் ‘ஃபார்’ தேடியிருக்கிறேன். அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்தது. ரிசப்ஷன் என்பதால் மூக்கை உறிஞ்சிச் சமாளித்தேன்.

டேப்பை நகத்தால் கிள்ளிப் பிரித்துப் பட்டியலைக் கைப்பைக்குள் திணித்தேன். அங்கேயே நின்றால் மறுபடியும் முழிப்பார் என்று வாசலுக்கு வந்து நின்றுகொண்டேன். அடுத்து ஒரு குடும்பம் ஈரத் துண்டுகளோடு வந்து அதே கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டது. உள்ளேயிருந்து இவர் குரல் கேட்டது.

“வாட்டர் டூ மச் கம்மிங் டவுன் ஆஃப், சார். போலீஸ் க்ளோஸ் அவுட். யூ டீ ட்ரிங்க் அப், சிட் ஆன். ஓப்பன் அப் ஆஃப்டர், ஐ டெல் யூ அவே.”

என் கை தானாகப் பேனாவைத் தேடியது. அவர்களோ சிரித்துக்கொண்டே சோபாவில் உட்கார்ந்து டீ கேட்டார்கள். ஒரு சொல்கூட விளங்காமல் போகவில்லை. தடை நீங்கியதும் இவரே ஓடிப்போய் அவர்களைக் கூப்பிட்டார் என்று பிறகு முதலாளி சொன்னார். சீசன் முடியும்போது, வருகிறவர்கள் எல்லாம் இவரைத்தான் கேட்கிறார்கள், நிரந்தரம்தான் என்றும் சொன்னார். தொண்ணூறு சொற்களின் மகிமையை நான் அவரிடம் எடுத்துச் சொல்லவில்லை. பட்டியல் இப்போது எங்கள் வீட்டில் எண்ணெய்ப் பாத்திரத்துக்கு அடியில் இருக்கிறது. லேமினேஷன் போட்டதால் துடைக்க வசதி.

சீசன் முடிந்த வாரம், ஒரு மாலையில் சூப்பர்வைசர் கூப்பிட்டார். சமையலறையில் என் பக்கத்தில் நின்றபடியே இவர் பேசினார்.

“நோ சார், ஐ கேன்சல் அவுட். நாட் கம்மிங் பேக் டு தேர். மை வைஃப் இஸ் ஹியர். ஐ செட்டில் டவுன் டு ஹியர் ஒன்லி.”

போனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பதினெட்டு வருடப் பயம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

“சரியாச் சொன்னேனாட்டி?”

நான்கு தப்பு. எண்ணிவிட்டேன், பழக்கதோஷம்.

“எல்லாம் சரி,” என்று சொல்லி அவர் தட்டில் ரசம் ஊற்றினேன்.